கணிப்பொறியைப் பிடித்த உண்ணி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் தோல் பதனிடும் டேனரிகள் பல உள்ளன. அங்கே தோலைத் தரம் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பதனிட்ட ஆட்டுத்தோலை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கையால் தடவிப் பார்ப்பார்கள். எதைத் தேடுகிறார்கள்? கத்தி பட்ட காயம், அம்மைத் தழும்பு, முள் கீறல், இவற்றோடு உண்ணி கடித்த புள்ளிகளையும் தேடுகிறார்கள்.

ஆடு உயிரோடு இருந்தபோது இந்தப் புள்ளிகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆடு மேய்ந்தது, கத்தியது, குட்டி போட்டது. உண்ணி மயிருக்குள் மறைந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பில் ஊறி மயிர் உதிர்ந்து, தோல் பதனிடப்பட்ட பிறகுதான் அது கடித்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. புள்ளிகள் கூடினால் தோலின் தரம் இறங்கும். விலையும் இறங்கும்.

ஆட்டைக் கொல்வது உண்ணியின் நோக்கமல்ல. ஆடு செத்துவிட்டால் அதற்கு இரத்தம் ஏது? ஆடு உயிரோடு இருக்க வேண்டும், தான் அதன்மேல் இருப்பது தெரியக்கூடாது. உண்ணியின் பிழைப்பு இதுதான்.

நம் வீட்டுக் கணிப்பொறிகளிலும் இப்படிப்பட்ட உண்ணிகள் உண்டு. உளவு நிரல், உலாவிக் கடத்தி என்று அவற்றுக்குப் பெயர். உலாவி என்பது பிரவுசர். இணையதளங்களைத் திறந்து பார்க்க உதவும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மென்பொருள்கள் உலாவிகளே. இந்த உண்ணிகள் எப்படி வருகின்றன, எதைத் தின்று பிழைக்கின்றன, அவற்றை எப்படிப் பிடுங்குவது என்று பார்ப்போமா?

மூன்று முறை மாற்றியும் போகவில்லை

ஆம்பூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். அக்கா +2 படித்தபோது அரசுப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் தமிழ்நாட்டின் பல வீடுகளுக்கு முதல் கணிப்பொறி வந்தது. அக்கா இப்போது வேலூரில் வேலைக்குப் போகிறாள். லேப்டாப் +1 படிக்கும் தம்பியின் கையில்.

தம்பி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ்ப் படங்களைப் பி.டி.எஃப். ஆக மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தான். நிறுவும்போது திரையில் வந்த கட்டங்களை அவன் படிக்கவில்லை. ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனான். சான்றிதழும் பி.டி.எஃப். ஆகிவிட்டது.

மறுநாள் உலாவியைத் திறந்தால், முன்பின் பார்த்திராத ஒரு தேடல் பக்கம். மூலையில் விளம்பரங்கள். தம்பி செட்டிங்ஸுக்குப் போய்ப் பழைய முகப்பை வைத்தான். லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் அந்தப் பக்கம் மறுபடி வந்து நின்றது. மூன்று முறை மாற்றினான். மூன்று முறையும் அதே கதை.

உதவித்தொகைத் தளத்தைத் தேடினான். பட்டியலின் உச்சியில் வந்த தளம் அசல் போலவே இருந்தது. ஆனால் பதிவுக் கட்டணம் கேட்டது! அம்மாவின் கைப்பேசியை வாங்கிப் பணம் கட்டப் போகும் வேளையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள்.

“உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஏதுடா கட்டணம்? எங்கே, காட்டு. என்ன பண்ணி வச்சிருக்கே?”

“நான் ஒண்ணும் பண்ணலக்கா. மூணு தடவை மாத்திட்டேன். திரும்பத் திரும்ப வருது.”

திரும்பத் திரும்ப வருகிறது என்று தம்பி சொன்னானே, அதுதான் நமக்குக் கிடைத்த துப்பு. ஒரு பொருள் தானாகத் திரும்பி வராது. அதை யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள். அப்படியானால் நாம் துரத்த வேண்டியது அந்தப் பக்கத்தையா, அதைக் கொண்டுவந்து வைப்பவனையா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேடல் பெட்டியின் விலை

நாம் எந்தப் பக்கத்தில் தேடினால் அவர்களுக்கு என்ன? ஏன் இவ்வளவு பாடு?

தேடல் பக்கங்களில் விளம்பரம் வருகிறது. நாம் அதைச் சொடுக்கினால், விளம்பரம் கொடுத்தவர் தேடல் நிறுவனத்துக்குப் பணம் தருகிறார். நம்மை அந்தத் தேடல் பக்கத்துக்கு அழைத்து வந்தவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இது வெளிப்படையாக நடக்கும் வியாபாரம்தான். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவியில் தன் தேடலே முதலில் வரவேண்டும் என்பதற்காகக் கூகுள் 2022ஆம் ஆண்டில் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளிவந்த கணக்கு இது. ஒரு சின்னத் தேடல் பெட்டிக்கு எவ்வளவு மதிப்பு, பார்த்தீர்களா?

உலாவிக் கடத்தி இந்த வருமானத்தில் திருட்டுத்தனமாகப் பங்கு கேட்கிறது. உங்கள் தேடலை முதலில் தன் பக்கத்துக்கு இழுக்கிறது. பிறகு உண்மையான தேடல் நிறுவனத்துக்கே தள்ளிவிடுகிறது. உங்களுக்கு விடை கிடைத்துவிடுகிறது. இடையில் கடத்திக்குத் தரகு கிடைக்கிறது. ஆடு மேய்ந்துகொண்டே இருக்கிறது, உண்ணி குடித்துக்கொண்டே இருக்கிறது.

உளவு நிரல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீங்கள் எதைத் தேடினீர்கள், எந்தத் தளத்துக்குப் போனீர்கள், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பதைக் குறித்து வைத்து எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறிக்கு அனுப்புகிறது. சில நிரல்கள் கடவுச்சொற்களையும் திருடுகின்றன.

“முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?” என்று கேட்பீர்கள். அந்தப் பூட்டு காப்பது வழியில் போகும் செய்தியை. அஞ்சல் உறைக்கு அரக்கு முத்திரை வைப்பது போன்றது அது. உறையைப் பிரித்து நீங்கள் படிக்கும்போது, தோளுக்குப் பின்னால் நின்று ஒருவன் படித்தால் முத்திரை என்ன செய்யும்? உளவு நிரல் நிற்பது தோளுக்குப் பின்னால். அதாவது உலாவிக்கு உள்ளே.

2017இல் வந்த நெருப்புப் பந்து

2017 ஜூன் மாதத் தொடக்கத்தில் செக் பாயிண்ட் என்ற இஸ்ரேல் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘ஃபயர்பால்’, அதாவது நெருப்புப் பந்து, என்று பெயரிடப்பட்ட ஓர் உலாவிக் கடத்தி உலகெங்கும் 25 கோடிக் கணிப்பொறிகளைப் பிடித்திருக்கிறது என்று அது மதிப்பிட்டது. பட்டியலில் முதலிடம் எந்த நாட்டுக்குத் தெரியுமா? இந்தியாவுக்கு! 2 கோடியே 53 இலட்சம் கணிப்பொறிகள். அடுத்தது பிரேசில், 2 கோடியே 41 இலட்சம்.

இந்த நிரலின் பின்னால் இருந்தது பெய்ஜிங் நகரிலுள்ள ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் என்று அறிக்கை கூறியது. அது வந்த வழி என்ன? இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வந்ததும் முகப்பையும் தேடல் பக்கத்தையும் மாற்றியது. தேடலைத் தன் போலிப் பக்கத்தின் வழியாக யாஹூவுக்கோ கூகுளுக்கோ திருப்பிவிட்டது. போகிற போக்கில் பயனரைப் பற்றிய தகவல்களையும் திரட்டியது. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான திறன் ஒன்றும் அதற்கு இருந்தது. வேறு எந்த நிரலையும் இறக்கி அந்தக் கணிப்பொறியில் ஓடவைக்க அதனால் முடியும். இன்று விளம்பரம் காட்டும் உண்ணி, நாளை வேறு நோயையும் கொண்டு வரலாம் என்பதுதான் இதன் பொருள். அதே ஆண்டில் சீனக் காவல்துறை இது தொடர்பாகச் சிலரைக் கைது செய்தது.

இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானப் பாடமும் இருக்கிறது. 25 கோடி என்ற எண் மிகையானது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே மாதம் மறுத்தது. அந்த எண் எப்படிக் கிடைத்தது? போலித் தேடல் பக்கங்களுக்கு எத்தனை பேர் வந்து போனார்கள் என்ற கணக்கிலிருந்து மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு கணிப்பொறியையும் சோதித்து எண்ணவில்லை. பக்கத்துக்கு வந்தவர் எல்லோருடைய கணிப்பொறியிலும் நிரல் இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. வேறு வழியாகவும் வந்திருக்கலாம். ஒரு பெரிய எண்ணைப் படிக்கும்போது, ‘இதை எப்படி எண்ணினார்கள்?’ என்று கேட்கப் பழகுங்கள்.

எண் எதுவானாலும் வழி ஒன்றுதான். நம் தம்பி ‘நெக்ஸ்ட்’ தட்டிய அதே வழி. பூட்டை உடைத்துக்கொண்டு அது வரவில்லை. கதவைத் திறந்தது நாம். நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியின்றிக் கணிப்பொறிக்குள் ‘கணிப்பொறி மாசு’ நுழைப்பதை இழப்பீடு தர வேண்டிய செயலாகக் கூறுகிறது. பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு மாசு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘அனுமதியின்றி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதனால்தான் இந்த நிரல்கள், யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தத்தின் நடுவில், முன்கூட்டியே ‘டிக்’ போட்ட ஒரு சிறு கட்டத்தில், நம் அனுமதியை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன.

உண்ணியின் வாய் எங்கே?

தோலில் ஒட்டிய உண்ணியை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? உடல் கையோடு வரும். வாய்ப்பகுதி தோலுக்குள்ளேயே தங்கிவிடலாம். உலாவிக் கடத்தியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் முகப்புப் பக்கம் அதன் உடல். வாய் வேறு இடங்களில் பதிந்திருக்கிறது. அந்த இடங்கள் எவை?

ஒன்று, நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியல். நீங்கள் கேட்ட மென்பொருளோடு கேட்காத ஒன்றும் அங்கே குடியிருக்கலாம்.

இரண்டு, எக்ஸ்டென்ஷன்கள். உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் குட்டி நிரல்கள் இவை. ‘நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்’ சில எக்ஸ்டென்ஷன்கள் அனுமதி கேட்கும். எல்லாத் தளங்களும் என்றால் வங்கித் தளமும் மின்னஞ்சலும் அதில் அடங்கும் அல்லவா?

மூன்று, தொடக்கப் பட்டியல். கணிப்பொறி விழித்தெழும்போதே எந்தெந்த நிரல்கள் எழ வேண்டும் என்ற பட்டியல் இது.

நான்கு, டாஸ்க் ஷெட்யூலர். இது கணிப்பொறியின் அலாரக் கடிகாரம். ‘தினமும் இந்த நேரத்தில் இந்த நிரலை ஓட்டு’ என்று இதில் எழுதி வைக்கலாம். நல்ல நிரல்களும் இதைப் பயன்படுத்துகின்றன. கடத்தியும் பயன்படுத்துகிறது. தம்பி மாற்றிய முகப்பை ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொண்டுவந்தவன் பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது இடத்தில்தான் ஒளிந்திருப்பான்.

ஐந்து, உலாவியின் குறும்படம். முகப்புத் திரையில் குரோம் படத்தைச் சொடுக்கித்தானே திறக்கிறீர்கள்? அந்தப் படத்தின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில், ‘டார்கெட்’ என்ற வரியில், குரோம் நிரலின் பெயருக்குப் பின்னால் ஓர் இணையதள முகவரியை ஒட்டி வைத்துவிட்டால் போதும். செட்டிங்ஸில் என்ன மாற்றினாலும் அந்தத் தளமே திறக்கும்.

ஆறு, முகவரிப் புத்தகம். நாம் தட்டும் தளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டி.என்.எஸ். என்ற அமைப்பு. பெயரைச் சொன்னால் தொலைபேசி எண் தரும் புத்தகத்தைப் போன்றது. அந்தப் புத்தகத்தையே மாற்றி வைத்தால்? ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற கெடு நிரல் அதைத்தான் செய்தது. சுமார் 40 இலட்சம் கணிப்பொறிகள் அதில் சிக்கின. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது. ஆனால் போலிப் புத்தகத்தை உடனே மூடினால், அதை நம்பியிருந்த கணிப்பொறிகள் எந்தத் தளத்துக்கும் போக முடியாது. அதனால் அதே இடத்தில் நல்ல புத்தகத்தை வைத்து, 2012 ஜூலை 9ஆம் நாள்வரை நடத்திவிட்டுத்தான் மூடினார்கள்.

ஆறு இடங்களையும் ஒருவர் எப்படி நினைவு வைத்துத் தேடுவது? 2003ஆம் ஆண்டு வாக்கில் ‘கூல்வெப்சர்ச்’ என்ற கடத்தி உலகைப் படாத பாடு படுத்தியது. அப்போது நெதர்லாந்தைச் சேர்ந்த மெரைன் பெல்லெகோம் என்ற மாணவர் ‘ஹைஜாக்திஸ்’ என்ற சிறு நிரலை எழுதினார். இது நல்லது, இது கெட்டது என்று அது தீர்ப்புச் சொல்லாது. கடத்தி ஒளியக்கூடிய இடங்களையெல்லாம் திறந்து, அங்கே இருப்பதை வரிசையாகப் பட்டியலிட்டுக் காட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நாம். மயிரை நீக்கித் தோலைக் காட்டுவது போன்ற வேலை அது.

வரிசை முக்கியம்

டேனரியில் ஊறவைப்பது, சுண்ணாம்பிடுவது, சதை நீக்குவது, பதனிடுவது என்று ஒரு வரிசை உண்டு. வரிசை தவறினால் தோல் கெடும். கணிப்பொறியைத் துப்புரவு செய்வதற்கும் வரிசை உண்டு. அக்காவும் தம்பியும் செய்ததைப் பின்தொடர்வோம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் அக்கா ஒரு தாளில் எழுதச் சொன்னாள். புதிய பக்கத்தின் பெயர் என்ன? எந்த நாளில் தொடங்கியது? அதற்கு முன் என்ன நிறுவினாய்? ‘வெள்ளிக்கிழமை மாலை, பி.டி.எஃப். மாற்றி’ என்று தம்பி எழுதினான். மருத்துவர் நோயாளியிடம் கேட்பாரே, அதைப் போல. பிறகு பள்ளிக் கோப்புகளையும் சான்றிதழ்களையும் பென் டிரைவில் நகல் எடுத்தார்கள். நிரல்கள் எதையும் நகல் எடுக்கவில்லை.

இரண்டாவது, நிரல்களின் பட்டியலைத் திறந்து தேதி வாரியாக அடுக்கினார்கள். அதே வெள்ளிக்கிழமை மூன்று நிரல்கள் நிறுவப்பட்டிருந்தன! தம்பி கேட்டது ஒன்றே ஒன்று. மூன்றையும் நீக்கினார்கள்.

மூன்றாவது, திரும்பக் கொண்டுவருபவனைத் தேடினார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து தொடக்கப் பட்டியலைப் பார்த்தார்கள். பிறகு டாஸ்க் ஷெட்யூலர். நீக்கப்பட்ட மென்பொருளின் பெயரில், ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் ஓடும்படி ஒரு வேலை அங்கே பதிவாகியிருந்தது. ‘பிடிபட்டான்!’ என்று தம்பி கத்தினான். ஓர் எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் விண்டோஸுக்குத் தேவையான வேலைகளும் உண்டு. புரியாததை அழிக்காதீர்கள். சந்தேகமானால் ‘டிஸேபிள்’ செய்து வையுங்கள். தவறானால் மறுபடி இயக்கிவிடலாம்.

நான்காவது, சோதனை. விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற காவல் நிரல் இருக்கிறது. அதில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒரு வகை. அது கணிப்பொறியை அணைத்துப் போட்டு, விண்டோஸ் முழுதாக எழுமுன்பே சோதிக்கும். ஏன் அப்படி? ஓடிக்கொண்டிருக்கும் கெடு நிரல் காவல்காரன் கண்ணில் மண்ணைத் தூவும். எழுமுன்பே பிடித்தால் ஒளிய இடமில்லை. அடுத்து, விளம்பர நிரல்களைத் துடைப்பதற்கென்றே உள்ள ‘ஆட்வ்கிளீனர்’ போன்ற ஒரு கருவியால் இரண்டாம் கருத்தும் கேட்கலாம்.

கருவியை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நோய் பிடித்த உலாவியில் மருந்தைத் தேடாதீர்கள். கடத்தி உங்களைப் போலி மருந்துக் கடைக்கு அனுப்பும். ‘உங்கள் கணிப்பொறியில் 312 வைரஸ்கள்! உடனே பணம் கட்டுங்கள்!’ என்று அலறும் போலித் துப்புரவு நிரல்களே பெரிய உண்ணிகள். நல்ல கணிப்பொறியில், தயாரிப்பாளரின் தளத்துக்கே போய் எடுத்து வாருங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரி 21இல் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்ற மையத்தைத் தொடங்கியது. கணிப்பொறித் துப்புரவு மையம் என்று பொருள். இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து இலவசத் துப்புரவுக் கருவிகளை அது வழங்கியிருக்கிறது. அந்த நிறுவனங்களில் ஒன்று நம் சென்னையில் 1991இல் தொடங்கிய கே7.

ஐந்தாவதாகத்தான் உலாவி! தம்பி முதலில் செய்ததை அக்கா கடைசியில் செய்தாள். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கி, செட்டிங்ஸை ‘ரீசெட்’ செய்து, குறும்படத்தின் டார்கெட் வரியையும் சரிபார்த்தாள். ‘அறிவிப்பு அனுப்ப அனுமதி’ பெற்றிருந்த தளங்களின் பட்டியலையும் பார்த்தாள். மூலையில் வந்த விளம்பரங்களில் பாதி அங்கிருந்துதான் வந்தன. எப்போதோ ‘அலோ’ என்று தம்பி தட்டியதன் விளைவு. வீட்டுக் கணிப்பொறியில் ‘உங்கள் நிறுவனம் இந்த உலாவியை நிர்வகிக்கிறது’ என்ற வரி தெரிந்தால் அதையும் விசாரிக்க வேண்டும். காவல் நிரல்கள் சிலவற்றாலும் அந்த வரி வரலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், கடத்தி உலாவிக்குக் கட்டளை போட்டு வைத்திருக்கலாம்.

இன்னும் ஒன்று. உலாவியில் நம் கணக்கால் நுழைந்திருந்தால், எக்ஸ்டென்ஷன்கள் அந்தக் கணக்கோடு இணையத்தில் சேமிக்கப்படும். இங்கே துடைத்தாலும், அதே கணக்கு இருக்கும் வேறொரு கணிப்பொறியிலிருந்து திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். ஆடு ஒன்றுக்கு மட்டும் உண்ணி எடுத்துவிட்டுப் பட்டியை விட்டுவிட்டால் என்ன பயன்?

ஆறாவது, கடவுச்சொற்களை மாற்றுவது. இதை நல்ல கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ செய்ய வேண்டும். உண்ணி இருக்கும்போதே மாற்றினால் புதிய சொல்லையும் அது பார்த்துவிடும். ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, சோதனையைச் சோதிப்பது. லேப்டாப்பை இரண்டு முறை அணைத்துப் போட்டார்கள். மறுநாளும் பார்த்தார்கள். அந்தப் பக்கம் வரவில்லை. ஒரு முறை வராமல் இருப்பதை வைத்துக் குணமாகிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. அலாரம் அடிக்கும் நேரம் கடந்த பிறகும் வராமல் இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வந்தால்? கோப்புகளை நகல் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே கடைசி வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவேளை யாராவது ஏமாந்து பணம் கட்டிவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கை மாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. திட்டுவார்களோ என்று பயந்து வீட்டில் மறைப்பதுதான் திருடனுக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

வராமல் காப்பது

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப் புதிய விண்டோஸைத் தாங்காவிட்டால் லினக்ஸ் நிறுவிப் பார்க்கலாம். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எக்ஸ்டென்ஷன்களும் ‘அலோ’ பொத்தானும் அங்கேயும் உண்டு. ஆகவே எந்தக் கணிப்பொறியானாலும் சரி, கட்டத்தைப் படிக்காமல் ‘நெக்ஸ்ட்’ தட்டாதீர்கள். ‘கஸ்டம்’ என்ற வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, கேட்காத ‘டிக்’குகளை எடுத்துவிடுங்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ ஆசிரியர் அனுமதியோடு ஒரு கணிப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் உலாவியில் உள்ள எக்ஸ்டென்ஷன்களின் பெயர்களை எழுதுங்கள். இரண்டாவதில் ஒவ்வொன்றும் கேட்டு வாங்கியுள்ள அனுமதிகள். மூன்றாவதில் அது செய்யும் வேலை. இப்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுங்கள். திரையின் நிறத்தை மட்டும் மாற்றும் குட்டி நிரலுக்கு உங்கள் வங்கிப் பக்கத்தைப் படிக்கும் உரிமை எதற்கு? பொருந்தாதவற்றுக்கு நேரே ஒரு புள்ளி வையுங்கள்.

புள்ளிகளை எண்ணி முடித்தபின் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆம்பூர் டேனரியில் தோலைத் தரம் பிரிப்பவரும் அதைத்தானே செய்கிறார்?

ஆமாம், தம்பியின் உதவித்தொகை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அக்கா முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்ல, தம்பி தானே தட்டச்சு செய்து சரியான தளத்தைத் திறந்தான். விண்ணப்பம் போயிற்று. கட்டணம் ஒரு பைசாகூட இல்லை.